நீர்வண்ணத்தோடு வேறு ஊடகங்கள் சேரும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

நீர்வண்ண ஓவியத்தில் மை, மெழுகு, பேஸ்டல், அக்ரிலிக், ஒட்டுக்காகிதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்குபவர்களின் தாள்கள் கெடுவதற்குக் கைப்பழக்கக் குறைவைவிட அடுக்குகளின் வரிசைப் பிழையே பெரிய காரணம் என்பதை என் மேசையிலும் மாணவர்களின் மேசைகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நீர்வண்ணம் என்பது நிறமித்தூளை வேலம்பிசினில் கட்டிய பொருள். அந்தப் பிசின் எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் நீர் பட்டால் மறுபடியும் இளகும். ஆகவே அதனோடு சேர்க்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது காய்ந்த பிறகு நீரில் மீண்டும் கரையுமா? தன்மேல் விழும் நீரை இது தாளுக்குள் இறங்க விடுமா?

குவாஷும் (அடியை மறைக்கும் நீர்வண்ணம்) போஸ்டர் கலரும் கரையும், நீரையும் விடும். நீர்புகா இண்டியன் இங்க் கரையாது. மெல்லிய கோடாக இருக்கும்வரை நீரைத் தடுப்பதும் இல்லை. அக்ரிலிக் கரையாது, தடித்த படலமானால் நீரை உள்ளே விடாது. மெழுகும் ஆயில் பேஸ்டலும் நீரை அறவே விலக்குவதோடு தம்மேல் வேறு எதையும் உறுதியாகப் பற்றவும் விடா. சாஃப்ட் பேஸ்டல் கரைவதில்லை, ஆனால் ஈரத்தூரிகை பட்டால் இடம்விட்டுப் பெயர்ந்துவிடும். கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாடுகளில் ஒன்றை மறந்ததால் வருபவை. எதைத் திருத்த முயல்வதற்கு முன்னும், அதே தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டில் அதே வரிசையில் அதே பொருள்களை இட்டுப் பாருங்கள். வேறு தாளில் செய்த சோதனை இங்கே பயன்படாது.

மைக்கோடு கரைந்து வண்ணத்தோடு ஓடுகிறது

கசிவின் நிறத்தை முதலில் கவனியுங்கள். கறுப்புக் கோட்டிலிருந்து ஊதாவோ நீலமோ கசிந்தால் அது சாயத்தால் ஆன மை. சாதாரணப் பேனா மைகளும் பல ஸ்கெட்ச் பேனாக்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் கறுப்பு பல சாயங்களின் கலவையாதலால் நீர் பட்டதும் அவை தனித்தனியே பிரிந்து ஓடுகின்றன. எத்தனை நாள் காயவிட்டாலும் இந்த மை நிற்காது. அதை வாஷ் (நீர்த்த வண்ணப்பூச்சு) எல்லாம் முடிந்தபின் கடைசியாக மட்டும் பயன்படுத்த வேண்டும், அல்லது கைவிட வேண்டும்.

கசிவு வெறும் சாம்பல் நிறமாக இருந்தால் மை பெரும்பாலும் கரித்தூளால் ஆன கரிமையே. அது முழுமையாகக் காயவில்லை என்பதே கோளாறு. அரக்கைப் பிணைப்பாகக் கொண்ட இண்டியன் இங்க் மெல்லிய கோட்டில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும்; ஆனால் முள்பேனா நின்று திரும்பும் இடங்களிலும் கோடு முடியும் இடங்களிலும் மை சிறு குமிழாகத் தேங்கும், அக்குமிழ் மேலே தோல்கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுவதே நல்லது. மையில் மிக அதிகமாக நீர் சேர்த்துச் சாம்பல் வாஷாகப் பயன்படுத்தியிருந்தாலும் பிணைப்பு வலுவிழந்து இதே கசிவு வரும். சீன, ஜப்பானிய மைக்கட்டிகளில் பிணைப்பு விலங்குப்பசை. நன்கு காய்ந்த கோடு பெரும்பாலும் நிற்கும், ஆயினும் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் சற்று இளகக்கூடும். அரக்கு மையைத் தேக்கப்பேனாவுக்குள் ஊற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அது உள்ளே காய்ந்தால் பேனாவைக் கழுவி மீட்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. மை நீர்புகாததாகவும் நன்கு காய்ந்ததாகவும் இருந்து, அது தாளின்மேல் அல்லாமல் காய்ந்த நீர்வண்ண அடுக்கின்மேல் வரையப்பட்டிருந்தால், அடுத்த வாஷின் ஈரம் கீழே உள்ள பிசினை இளக்கிவிடுகிறது; அடித்தளம் நகரும்போது கரையாத கோடும் துண்டுதுண்டாக உடைகிறது. தடித்த வண்ணத்தின்மேலும் குவாஷின்மேலும் இது நிச்சயமாக நடக்கும். அத்தகைய இடத்தில் கோடு வரைந்தபின் ஈரத்தை மறுபடி கொண்டுபோகாதீர்கள்.

கசிந்துவிட்ட இடத்தில் செய்ய வேண்டியது, மெல்லிய டிஷ்யூவை மேலிருந்து நேராக ஒற்றியெடுப்பது மட்டுமே. பக்கவாட்டில் துடைத்தால் கசிவு மேலும் பரவும். கரிமை எனில் காய்ந்தபின் ஈரத்தூரிகையால் ஓரளவு எடுக்கலாம். சாயம் எனில் நாருக்குள் இறங்கிவிட்டிருக்கும், வெள்ளைக் குவாஷால் மூடினாலும் சில நிமிடங்களில் வெள்ளைக்குள் ஏறி வரும். அவ்விடத்தை நிழல் பகுதியாக மாற்றிப் படத்தின் ஒளியமைப்பை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதே நேர்மையான வழி.

கோடு ஒருபோதும் ஓடக்கூடாது என்று விரும்புபவர்கள் ஓவியர் பால் கிளே 1920களில் விரிவாகப் பயன்படுத்திய முறையைச் செய்து பார்க்கலாம். ஒரு மெல்லிய தாளில் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பூசி, அது ஓரளவு காய்ந்ததும் கார்பன் தாளைப் போல நல்ல தாளின்மேல் கவிழ்த்து வைத்து, மேலிருந்து கூர்முனையால் கீறி வரைந்தால் எண்ணெய்க்கோடு கீழே பதியும். கை அழுந்திய இடங்களில் மங்கிய கறைகளும் கூடவே பதியும். அவரது படங்களில் அக்கறைகள் அழகின் பகுதியாகவே நிற்கின்றன. எண்ணெய்க்கோடு காய்ந்தபின் நீர்வண்ணத்தை எவ்வளவு தாராளமாக இட்டாலும் அது அசையாது.

வாஷ் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு விலகுகிறது

கீழே அக்ரிலிக், சாதாரண ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), அல்லது ஒட்டுவதற்குப் பூசிய மீடியம் இருக்கிறது. அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் பாலிமர் துளிகள். நீர் ஆவியானதும் அத்துளிகள் ஒன்றோடொன்று உருகி இணைந்து பிளாஸ்டிக் படலமாகின்றன. நீர்வண்ணம் தாளில் நிற்பதற்குக் காரணம், நிறமியும் பிசினும் நாரின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்வது. படலத்தின்மேல் அதற்கு இறங்க இடமில்லை. ஒருவாறு பரப்பிக் காயவைத்தாலும் பிற்பாடு ஈரவிரல் பட்டால் அப்படியே துடைபட்டுப் போகும். ஆகவே திரளாமல் பரவிவிட்டது என்பதை மட்டும் வெற்றியாகக் கொள்ள வேண்டாம்.

எருதுப்பித்தம் நீர்வண்ணக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பொருள். ஒரு கிண்ணம் நீரில் சில துளிகள் விட்டால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து வாஷ் பரவும். பற்றும் வலு அதனால் கூடாது. நிலையான தீர்வு வேண்டுமானால், அக்ரிலிக் பகுதியின்மேல் நீர்வண்ணத்துக்கென்றே தயாரிக்கப்படும் உறிஞ்சும் கிரவுண்டை (அடிப்பூச்சை) இரண்டு மெல்லிய பூச்சாக இட்டு, குறைந்தது 24 மணி நேரம், ஈரப்பதம் மிகுந்த நாள்களில் அதைவிடக் கூடுதலாக, காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் கிரவுண்டும் வாஷை விலக்கும். அப்போது பொருளைக் குறைகூறாமல் மறுநாள் மறுபடி முயன்று பாருங்கள்.

இவற்றைவிட எளிய வழி, வரிசையைத் திருப்புவது. நீர்வண்ணத்தை முதலில் முடித்து, அதன்மேல் அக்ரிலிக்கை இட்டால் இரண்டும் அமைதியாகச் சேர்ந்திருக்கும். அக்ரிலிக் அடியில்தான் வர வேண்டும் என்று படம் கேட்டால், அதை நீர்த்த வாஷாகத் தாளின் நாருக்குள்ளேயே ஊறவிடுங்கள். மேலே படலம் கட்டாதவரை தாள் தொடர்ந்து உறிஞ்சும், அதோடு அடியில் உள்ள நிறம் இனிக் கரையாது என்ற பெரிய நன்மையும் கிடைக்கும். முதல் வாஷ் கலையாமல் பத்து அடுக்கு ஏற்ற விரும்புபவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது இந்த முறையையே. அக்ரிலிக்குக்கு எப்போதும் தனித்தூரிகை வைத்துக்கொள்ளுங்கள். சேபிள் மயிரின் அடிக்கட்டில் அது காய்ந்தால் அத்தூரிகை திரும்பக் கிடைக்காது.

மெழுகு இட்ட இடம் தெரியவில்லை, அல்லது தேவைக்கு மேல் தெரிகிறது

வெள்ளை மெழுகுவத்தியால் கோடிழுத்து மேலே வாஷ் இட்டபோது வெண்கோடு தோன்றவில்லை என்றால், பெரும்பாலும் வாஷ் கெட்டியாக இருந்திருக்கும். நீர் அதிகமுள்ள வண்ணமே மெழுகைக் கண்டு விலகும். கெட்டி வண்ணம் அதன்மேல் படிந்து காய்ந்துவிடும், குவாஷ் அதைவிட எளிதாகப் படியும். தாள் சற்றே ஈரமாக இருந்தபோது மெழுகைத் தேய்த்திருந்தாலும் மெழுகு பற்றியிருக்காது. தாளின் பரப்பும் முக்கியமானது: வழவழப்பான ஹாட் பிரெஸ் தாளில் கோடு முழுக்கோடாக வரும், சற்றுச் சொரசொரப்பான கோல்டு பிரெஸ் தாளில் மேடுகளில் மட்டும் மெழுகு ஒட்டிப் புள்ளிபுள்ளியாக வரும், ரஃப் தாளில் பாறைக்கும் சுவருக்கும் பொருத்தமான முரட்டுத்தனம் கிடைக்கும். சன்னலோரம் தாளைச் சாய்த்துப் பிடித்தால் மெழுகின் பளபளப்பில் கோடு எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே காணலாம்.

வெண்மையை மட்டுமே காக்க மெழுகைப் பயன்படுத்துவது அதன் ஆற்றலில் பாதியைக் கைவிடுவதாகும். ஒரு வெளிர்மஞ்சள் வாஷை இட்டு, நன்கு காயவிட்டு, மெழுகைத் தேய்த்து, மேலே கரும்பச்சை வாஷை இட்டால் கோடுகள் மஞ்சளாக ஒளிரும். ஹென்றி மூர் 1940–41இல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தஞ்சம் புகுந்து உறங்கிய மக்களை வரைந்தபோது மெழுகு கிரேயானையும் நீர்வண்ணத்தையும் மையையும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார். இருண்ட வாஷ் மெழுகிலிருந்து விலகி நிற்கும் இடங்களே அங்கே போர்வைகளாகவும் உடல்களாகவும் திரள்கின்றன. சிற்பியான அவருக்கு இருளிலிருந்து வடிவம் வெளியே வரும் இந்த முறை எவ்வளவு இயல்பாக அமைந்தது என்பதை அப்படங்களைப் பார்க்கும் எவரும் உணரலாம்.

தவறான இடத்தில் மெழுகு இட்டுவிட்டால் அதை முழுமையாக நீக்க வழியில்லை. கூர்கத்தியின் பக்கத்தால் மெல்லச் சுரண்டி, எஞ்சியதை ஒற்றித்தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு உறிஞ்சவைத்தால் பெரும்பகுதி போகும். ஆனால் உருகிய மெழுகில் ஒரு பங்கு நாருக்குள் இறங்கி அவ்விடத்தை என்றும் சற்று எண்ணெய்ப்பசையாகவே வைத்திருக்கும். ஆயில் பேஸ்டலில் இடர் இன்னும் ஒன்று கூடுதல்: அதில் உள்ள கனிம எண்ணெய் காயும் தன்மையற்றது, ஆகவே அப்பரப்பு எத்தனை ஆண்டானாலும் தொட்டால் ஒட்டும். அப்படங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பது கட்டாயம்.

வெள்ளை மங்குகிறது, அல்லது நிறம் மாறிக் கலங்குகிறது

அடியில் உள்ள நீர்வண்ணம் இளகி வெள்ளைக்குள் ஏறுவதே காரணம். சிவப்புப் பூவின்மேல் இட்ட வெள்ளைப் புள்ளி காய்ந்தபின் ரோஜா நிறமாவதைப் பலரும் கண்டிருப்பார்கள். கீழ் அடுக்கு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். வெள்ளை தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். ஒரே தொடுகையில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது தடவை அதே இடத்தைத் தொடுவதே பெரும்பாலும் கேட்டை விளைவிக்கிறது. அப்படியும் நிறம் ஏறினால், சிறு ஒளிப்புள்ளிகளுக்கு வெள்ளை அக்ரிலிக் மையை முள்பேனாவால் வையுங்கள்.

வெள்ளை காய்ந்ததும் பலம் குறைந்து தெரிந்தால் அது துத்தநாக வெள்ளையாக இருக்கலாம். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1834இல் சைனீஸ் வைட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இந்த வெள்ளை மென்மையானது, குளிர்ந்த சாயலுடையது, ஓரளவே மறைக்கும். இருண்ட பரப்பை மூடுவதற்கு டைட்டேனியம் வெள்ளையே ஏற்றது.

படம் முழுவதுமே சுண்ணாம்பு பூசினாற்போல ஆகிவிட்டதென்றால் வெள்ளை எல்லா நிறங்களிலும் கலந்துவிட்டது என்று பொருள். நீர்வண்ணத்தின் ஒளி தாளிலிருந்து திரும்பி வருவது, குவாஷின் ஒளி தன் பரப்பிலிருந்தே வருவது. இரண்டையும் சமமாகக் கலந்தால் இரண்டின் ஒளியும் கெடும். வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள, ஓவியர் டியூரரின் 1502ஆம் ஆண்டு முயல் ஓவியத்தில் வெளிப்படையான வாஷ் உடலைக் கட்டுகிறது. மறைக்கும் வண்ணம் மயிரிழைகளாக அதன்மேல் தனித்தனியே நிற்கிறது. 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பகுப்பைவிட நல்ல வழிகாட்டுதலை நான் கண்டதில்லை.

மாஸ்கிங் ஃப்ளூயிடை உரிக்கும்போது தாளும் உரிகிறது

வண்ணம் படாமல் காக்க வேண்டிய இடத்தில் இடும் இந்தத் திரவம் அம்மோனியா கலந்த ரப்பர் பால். ஈரத்தாளில் இட்டால் நாருக்குள் இறங்கிவிடும். ஹேர்டிரையரால் சூடாக்கினால் இறுகிப் பற்றும். நாள்கணக்கில் விட்டால் நீக்க வராது. நன்கு காய்ந்த தாளில் இட்டு, தானாகக் காயவிட்டு, அன்றைக்கே அல்லது மறுநாளே விரல்நுனியால் உருட்டி எடுங்கள். கலப்பு ஊடகப் பணியில் கூடுதல் எச்சரிக்கை ஒன்று உண்டு: அது பென்சில் கோட்டையும் கீழுள்ள வாஷின் ஒரு பங்கையும் தன்னோடு எடுத்துச் செல்லும், மைக்கோட்டைக்கூடச் சாம்பலாக்கும். ஆகையால் மைவேலையை மாஸ்கிங் நீங்கியபின் வைத்துக்கொள்வது நல்லது.

உப்புத் தூவியும் பூ விரியவில்லை

வாஷ் குளமாக நின்றபோது தூவினால் உப்பு கரைந்துவிடும், மங்கிக் காய்ந்தபின் தூவினால் அப்படியே கிடக்கும். ஈரத்தின் பளபளப்பு மறையத் தொடங்கும் அந்தச் சிறிது நேரமே உரியது. கடற்கரை ஊர்களில் உப்பு ஏற்கெனவே காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் வாஷின் நீரை இழுக்கும் ஆற்றல் குறைந்திருக்கும். வெறும் வாணலியில் சற்று வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்தினால் வேறுபாடு தெரியும். கல்லுப்பு பெரிய நட்சத்திரங்களையும் தூளுப்பு நுண்ணிய பனிப்பொட்டுகளையும் தரும். காய்ந்தபின் ஒவ்வொரு துகளையும் தட்டி நீக்குங்கள். தாளில் தங்கும் உப்பு ஆண்டு முழுவதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; அவ்விடத்தின்மேல் பேஸ்டலோ ஒட்டுக்காகிதமோ வைப்பது அறிவுடைமை ஆகாது.

பேஸ்டல் பிடிக்காமல் உதிர்கிறது, அல்லது ஃபிக்சேட்டிவ் அடித்ததும் இருள்கிறது

ஹாட் பிரெஸ் தாளில் சாஃப்ட் பேஸ்டல் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு இல்லை. கோல்டு பிரெஸ் அல்லது ரஃப் தாளைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே முடிந்த வாஷின்மேல்தான் வேண்டுமென்றால், நிறமற்ற மணல்தன்மையுள்ள ஜெஸ்ஸோவை மெல்லியதாகப் பூசுங்கள், தூரிகையை முன்னும் பின்னும் ஓட்டாமல் ஒரே திசையில் ஒரே தடவை இழுங்கள், இல்லையேல் அடியில் உள்ள வாஷ் இளகும். ஃபிக்சேட்டிவ் (பேஸ்டல் உதிராமல் பிடிக்கத் தெளிக்கும் திரவம்) தூள்களுக்கு இடையிலான காற்றிடைவெளியை நிரப்புவதால் வெளிர்நிறங்கள் இருள்வது இயற்கையே. ஓர் அடி தொலைவிலிருந்து மெல்லிய தூவலாக இரண்டு மூன்று முறை அடித்து, கடைசி வெளிர் தொடுகைகளை அதன்பின் வைத்து, அவற்றை ஃபிக்ஸ் செய்யாமலே கண்ணாடிக்குள் விடுங்கள்.

தாள் அலைபோல வளைகிறது; ஒட்டிய காகிதம் குமிழ்கிறது

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தாளில் கனத்த வாஷும் ஒட்டுவேலையும் சேர்ந்தால் வளைவு தவிர்க்க இயலாதது. 300 கிராம் தாளைச் சில நிமிடம் நீரில் ஊறவைத்து, பசைத்தாள் நாடாவால் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டி இழுத்துக் காயவிட்ட பின் தொடங்குங்கள். 640 கிராம் தாளுக்கு இது தேவையில்லை. குமிழ் வருவது, பசையின் ஈரத்தில் ஒட்டும் காகிதம் தாளுக்கு மேலே விரிவதால். அதை ஒட்டுவதற்கு முன்பே பசை பூசி ஒன்றிரண்டு நிமிடம் விரியவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, மேலே மெழுகுத்தாளும் பலகையும் கனமும் வைத்து ஓர் இரவு விடுங்கள். கோதுமை மாவுச்சத்துப் பசையில் ஒட்டினால் ஓரங்களில் கசிந்த பசையின்மேல் நீர்வண்ணம் ஓரளவு ஏறும். ஃபெவிகால் வகைப் பசை அல்லது அக்ரிலிக் மீடியம் கசிந்திருந்தால் மேலே சொன்ன முத்துத்திரள்வு அந்த ஓரத்தில் வளையமாகத் தெரியும். செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் இருப்பதால் அது பழுப்பேறிக்கொண்டே போகும் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஒரே தாளில் சில இடங்கள் மட்டும் ஒற்றித்தாள்போல வண்ணத்தைக் குடிக்கின்றன

இது உங்கள் பிழையாக இல்லாமல் இருக்கலாம். தாளின்மேல் ஜெலட்டின் போன்ற பசைக்காப்பு இருப்பதாலேயே வாஷ் சிறிது நேரம் மேற்பரப்பில் நின்று பணியச் சம்மதிக்கிறது. ஈரமான அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தாளில் அக்காப்பு ஆங்காங்கே சிதைந்துவிடுகிறது; அழுத்தி அழித்த ரப்பரும் மாஸ்கிங்கும் அதையே செய்கின்றன. வாஷ் இடும்வரை கண்ணுக்குத் தெரியாது, இட்டதும் கருந்திட்டுகளாக வெளிப்படும். தூரிகை நீரைத் தாளின் பல இடங்களில் தொட்டுவைத்து, எங்கே உடனே மறைகிறது என்று பார்த்தால் படம் தொடங்கும் முன்பே கண்டுகொள்ளலாம். 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 2 கிராம் ஜெலட்டினைக் கரைத்து அகலத்தூரிகையால் ஒரு பூச்சிட்டுக் காயவைத்தால் பல தாள்கள் மீளும். மீளாதவற்றை மைத்தூரிகைக்கும் பேஸ்டலுக்கும் ஒதுக்குங்கள்; உறிஞ்சும் தாளில் அக்ரிலிக் வாஷ் மிக நன்றாக அமர்கிறது.

சில மாதங்களில் நிறம் வெளுக்கிறது அல்லது புள்ளிகள் தோன்றுகின்றன

ஓவியத்தில் நீர்வண்ணம் நிற்க, மை மட்டும் வெளுத்தால் சாயமையே காரணம். நீர்வண்ணங்களிலும் அலிசரின் கிரிம்சன் எனப்படும் பி.ஆர். 83 ஒளியில் நிலைக்காது. அல்ட்ராமரின் நீலமாகிய பி.பி. 29 நிலைக்கும். குழாயில் அச்சிட்டுள்ள இக்குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள், கவர்ச்சியான பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் எல்லா மைகளையும் வண்ணங்களையும் ஒரு நீளத்துண்டில் பட்டைகளாக இட்டு, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதம் தொங்கவிடுங்கள். அட்டையை எடுக்கும் நாளில் எந்தப் பொருளை நம்பலாம் என்பது பட்டைக்குப் பட்டை தெரிந்துவிடும்.

புள்ளிகள் பூஞ்சணம். வேலம்பிசினும் மாவுப்பசையும் ஜெலட்டினும் அதற்கு உணவு. முழுமையாகக் காயாத படத்தைப் பிளாஸ்டிக் உறையில் இடாதீர்கள்; கண்ணாடி படத்தைத் தொடாதபடி அட்டைச்சாளரம் வைத்துச் சட்டமிடுங்கள்; ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். தோன்றிவிட்ட பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் நீர்வண்ணமும் போகும், பூஞ்சணமும் பரவும். படத்தைக் காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்து, முற்றிலும் காய்ந்தபின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான உலர்தூரிகையால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டி நீக்குங்கள்.